ஜோடி சரியாகத்தான் இருந்தது

அன்றைக்குப் படத்துக்குப் போனவர்கள்: பெரிய டீச்சர் தனலட்சுமி, அறிவியல் டீச்சர் சகாயமேரி, ஆயா முத்தக்காள், தையல் டீச்சராகிய நான், ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்புமாக ஐம்பத்திரண்டு பெண் பிள்ளைகள். அவ்வளவுதான். வேறு யாரும் வரவில்லை. இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். அந்த நாளைப் பற்றி எங்கள் பள்ளியில் ஏகப்பட்ட கதை உலவுகிறது. வராதவர்கள் எல்லாம் வந்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

எழுதச் சொன்னது ரேவதி டீச்சர். நான் ஓய்வு பெற்றபோது அவர் பள்ளிக்குப் புதிது. போன மாதம் போனில் கூப்பிட்டார்.

"டீச்சர், இன்னைக்குப் பிள்ளைகளுக்குப் படம் போட்டோம். வகுப்பறையிலேயே, பெரிய திரையில. கதவைச் சாத்திட்டா தியேட்டர்தான்."

"ஜன்னலு?"

"அதையும் சாத்திட்டோம்."

"அப்ப காத்து?"

அவர் சிரித்துவிட்டார். "நீங்க மாறவே இல்ல டீச்சர். நீங்கள்லாம் நெஜ தியேட்டருக்கே கூட்டிட்டுப் போவீங்களாமே? ஒருவாட்டி பிள்ளையே மாறிப் போச்சாமே? ஆண்டு மலருக்கு அதை எழுதிக் குடுங்களேன்."

எனக்கு எழுத வருமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் பள்ளிக்கூடம் போனது ஒன்பதாம் வகுப்பு வரைக்கும்தான். அப்பா தறியில் உட்கார முடியாமல் படுத்தபோது என் படிப்பு நின்றது. சின்னாளபட்டியில் ஒரு தையல் நிலையத்தில் சேர்ந்தேன், தையல் பரீட்சைகள் எழுதினேன், பத்தாவதை ரொம்பப் பிந்தி வீட்டில் இருந்தே எழுதினேன். அப்படி ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு ஆசிரியை ஆனவள் நான். மற்ற டீச்சர்கள் பெயருக்குப் பின்னால் இரண்டு மூன்று பட்டம் இருக்கும். வருகைப் பதிவேட்டில் என் பெயர் கடைசியில், பட்டம் எதுவும் இல்லாமல், மொட்டையாக இருக்கும். ஒரு நாள் யாராவது வந்து, "நீ எப்படி இங்க வந்தே?" என்று கேட்டுவிடுவார்கள் என்ற பயம் வேலையில் இருந்த கடைசி நாள் வரைக்கும் எனக்குப் போகவில்லை.

பயம் என்றால் சின்னப் பயம் இல்லை. மழை வந்தால் சுவர் விழும் என்று பயம், வெயில் அடித்தால் பிள்ளை மயங்கும் என்று பயம். தையல் வகுப்பு முடிந்ததும் ஊசிகளை எண்ணி வாங்காமல் ஒருத்தியையும் வெளியே விட மாட்டேன். அதனால்தான் படத்துக்குப் போகும்போது எண்ணுகிற வேலை என் தலையில் விழுந்தது.

வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ தடவை, குழந்தைகள் பார்க்கிற மாதிரி படம் வந்தால், அனுமதி வாங்கிக் காலைக் காட்சிக்கு அழைத்துப் போவோம். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துத் தியேட்டர், நடந்தே போய்விடலாம். அதற்கு ஒரு முறை இருந்தது. உயரப்படி நிறுத்தி, இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்ப்போம். ஜோடி கையைக் கோத்துக்கொள்ள வேண்டும். தியேட்டர் வாசல் வரைக்கும் கையை விடக் கூடாது. இன்னொரு கையின் விரலை வாயில் வைத்துக்கொள்ள வேண்டும். அதாவது பேசக் கூடாது. முன்னால் பெரிய டீச்சர், நடுவில் சகாயமேரி டீச்சர், பின்னால் முத்தக்காள். நான் மட்டும் வரிசைக்கு வெளியே, முன்னும் பின்னும் ஓடிக்கொண்டு, ஜோடி ஜோடியாக எண்ணிக்கொண்டே வருவேன். கிளம்பும்போது, ரோட்டைத் தாண்டியதும், தியேட்டருக்குள் நுழையும்போது, இடைவேளை முடிந்ததும், வெளியே வரும்போது, பள்ளி வாசலில்.

"எதுக்கு டீச்சர் இம்புட்டு எண்ணுறீங்க? அய்யலூர் ஆட்டுச் சந்தைக்கா ஓட்டிட்டுப் போறோம்?" என்பார் சகாயமேரி டீச்சர். "ஒண்ணு ரெண்டு கூடுனா வித்துருவோம் டீச்சர். பாதிப் பாதி."

எல்லாவற்றிலும் அவருக்குப் பாதிப் பாதிதான். டீ, வடை, பஸ் டிக்கெட், மனக்கஷ்டம் எல்லாமே.

ஒரு விஷயம் சொன்னால் நம்ப மாட்டீர்கள். இத்தனை தடவை தியேட்டருக்குப் போயும் நான் ஒரு படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. இருட்டில் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிள்ளைகளின் தலைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். திரை வெளிச்சம் அத்தனை முகங்களிலும் நீலமாகவும் மஞ்சளாகவும் மாறும். ஐம்பது வாயும் ஒன்றாகத் திறக்கும், ஒன்றாக மூடும். நான் பார்த்த படம் அதுதான். கதையை மறுநாள் மதியச் சாப்பாட்டில் சகாயமேரி டீச்சர் சொல்வார். வில்லனாக முறைப்பார், நாயாகக் குரைப்பார், அழ வேண்டிய இடத்தில் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டே அழுவார். அந்தப் படங்களில் சில இப்போது டிவியில் வருகின்றன. உட்கார்ந்து பார்த்தால், அவர் சொன்ன அளவுக்கு ஒன்றும் இல்லை.

மே மாதம் வந்தால் டீச்சர்கள் எல்லாரும் சேர்ந்து ஓர் ஊருக்குப் போவோம். நான் போன முதல் பயணம் கன்னியாகுமரி. திண்டுக்கல் ஜங்ஷனில் ரயிலுக்கு நிற்கிறோம். நான் கைப்பையைத் திறந்து வீட்டுச் சாவியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சகாயமேரி டீச்சர் என் முகத்தைப் பார்த்தார்.

"என்னான்னு சொல்லிருங்க."

"கேஸை மூடுனேனா இல்லையான்னு..."

"பூட்டுனீங்களா?"

"அதுவும் இப்பச் சந்தேகமா இருக்கு டீச்சர்."

மற்றவர்களை ரயிலில் போகச் சொல்லிவிட்டு அவர் என்னோடு பஸ் ஏறிச் சின்னாளபட்டிக்கு வந்தார். கேஸ் மூடித்தான் இருந்தது. பூட்டும் பூட்டித்தான் இருந்தது. அவர் பூட்டைப் பிடித்து ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். "நல்ல பூட்டு டீச்சர். இதைப் பாக்க ரயிலை விட்டதுல தப்பே இல்ல" என்றார். அங்கிருந்து கொடைரோடு போய், அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தோம். கொடைக்கானலுக்குப் போகிற கூட்டம் அந்த வெயிலில் ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கிப் போனது. நாங்கள் இரண்டு பேரும் பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்து, எல்லாருக்கும் சேர்த்து நான் கட்டி வந்திருந்த எலுமிச்சைச் சோற்றைத் தின்று தீர்த்தோம். அவர் தன் கல்யாணக் கதையைச் சொன்னார், நான் அப்பாவின் தறியைப் பற்றிச் சொன்னேன். கன்னியாகுமரிக் கடல் இப்போது எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. கொடைரோடு பிளாட்பாரம் அப்படியே இருக்கிறது.

பெரிய டீச்சரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலைமை ஆசிரியை என்று யாரும் சொல்ல மாட்டோம், பெரிய டீச்சர்தான். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைப்பார். துடைக்கத் துடைக்க எதிரில் நிற்பவருக்கு வியர்க்கும். நான் ஏதாவது பதறிக்கொண்டு போய் நின்றால், "செத்த நேரம் உக்காருங்க. மொதல்ல விஷயத்தைச் சொல்லுங்க. பயப்படுறதை அப்புறம் பயப்படலாம்" என்பார். அவர் முன்னால் உட்கார்ந்தால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பாதியை நான் வீட்டுக்குக் கொண்டு போவேன்.

இனி அந்த நாள்.

அன்றைக்குத் தியேட்டரில் எங்களுக்கு முன்பே இன்னொரு பள்ளி வந்து உட்கார்ந்திருந்தது. ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமம். வேனில் வந்திருந்தார்கள். அரசு கொடுக்கிற சீருடை எல்லா ஊருக்கும் ஒரே துணி, ஒரே நிறம், ஒரே தொளதொளப்பு. உள்ளே பார்த்தால் ஒரே பள்ளி மாதிரி இருந்தது. எனக்கு அப்போதே மனசு சரியில்லை. நடுவில் இரண்டு வரிசை நாற்காலியைக் காலியாக விடச் சொன்னேன். விட்டார்கள். இடைவேளைக்குப் பிறகு எண்ணினேன், சரியாக இருந்தது.

படம் முடிந்ததும் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட்டார்கள். இருட்டிலிருந்து மதிய வெயிலுக்கு வந்ததில் பிள்ளைகளுக்குக் கண் கூசியது. இரண்டு பள்ளியும் ஒரே கதவில். "கையப் புடி, கையப் புடி" என்று நான் கத்துகிறேன். அந்தப் பக்கம் ஒரு சார், "ஏறுங்க, வேன்ல ஏறுங்க" என்று கத்துகிறார். எங்கள் வரிசை நின்றதும் எண்ணினேன். இருபத்தாறு ஜோடி. ரோட்டைத் தாண்டியதும் எண்ணினேன். இருபத்தாறு. பள்ளி வாசலில் எண்ணினேன். இருபத்தாறு. அன்றைக்குத்தான், எனக்கே ஆச்சரியமாக, நிம்மதியாக மூச்சு விட்டேன்.

சத்துணவு வரிசையில்தான் தெரிந்தது. எங்கள் பிள்ளைகள் ஆளுக்கொரு தட்டு வைத்திருப்பார்கள். ஒருத்தி மட்டும் வெறுங்கையோடு நின்றாள்.

"தட்டு எங்கடி?" என்றாள் முத்தக்காள்.

"எங்க ஸ்கூல்ல இருக்குதுங்க."

"இது என்னவாம்? மாட்டுக் கொட்டமா? அதென்ன புதுசா 'ங்க' போட்டுப் பேசுற, பழனிப் பக்கம் வாக்கப்பட்டவ மாதிரி?"

அந்தப் பிள்ளை வாசலைத் திரும்பிப் பார்த்தாள். "ஏனுங்க, எங்க வேன் போயிருச்சுங்களா?"

முத்தக்காளின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. "ஆத்தீ! டீச்சர், இது நம்ம புள்ள இல்ல!"

நான் ஓடினேன். அந்தப் பிள்ளையின் பெயர் கவுசல்யா. அவளுக்கு ஜோடியாக வந்தவள் எங்கள் தீபா. தீபாவின் உண்மையான ஜோடி பவித்ரா. ஆறாம் வகுப்பிலேயே சின்னவள். கன்னிவாடிப் பக்கம் ஊர். தாய் தகப்பன் கூலிக்கு வெளியூர் போனதால், இங்கே பூ கட்டி விற்கிற சித்தி வீட்டில் தங்கிப் படித்தாள். அந்தப் பவித்ரா எங்கேயும் இல்லை.

"தீபா, இவ யாருடி?"

"தெரியாது டீச்சர்."

"தெரியாமலா கையப் புடிச்சுட்டு வந்தே?"

"நீங்கதான டீச்சர் கைய விடக் கூடாதுன்னீங்க."

"அடிப் பாவி, வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான?"

தீபா விரலை எடுத்து வாயில் வைத்துக் காட்டினாள்.

பவித்ரா தியேட்டரில் இருந்தால்? பஸ் ஸ்டாண்டில் இருந்தால்? யாராவது கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருந்தால்? கையைப் பிடித்தால் போகத்தான் பழக்கியிருக்கிறோம். பேசாமல் போக. முத்தக்காள் கரண்டியைப் போட்டுவிட்டுத் தியேட்டருக்கு ஓடினாள். நான் பெரிய டீச்சர் அறைக்குப் போய், "இருபத்தாறு ஜோடி, இருபத்தாறு ஜோடி" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். விஷயத்தைச் சகாயமேரி டீச்சர்தான் சொன்னார்.

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை. மேஜைமேல் வைத்தார். "உக்காருங்க" என்றார் என்னிடம். கவுசல்யாவைப் பக்கத்தில் அழைத்து, முதலில் அவளுக்குச் சோறு கொண்டுவரச் சொன்னார். அவள் நாலு வாய் சாப்பிடும் வரைக்கும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது. பிறகு, ஊர்க்கதை கேட்கிற மாதிரி, "அப்பா என்ன பண்றாரு தாயி?" என்றார்.

"காய் மார்க்கெட்ல இருக்காருங்க."

"அவரு நம்பர் தெரியுமா?"

மடமடவென்று சொன்னாள். போனில் மார்க்கெட் இரைச்சல் எங்களுக்கே கேட்டது.

"எம் புள்ளைங்களா? அது படத்துக்குப் போயிருக்குதுங்களே. நீங்க யாருங்க?"

"படம் முடிஞ்சு எங்ககூட வந்துட்டா. நான் திண்டுக்கல்ல ஒரு ஸ்கூல் டீச்சர். உங்க பிள்ள பத்திரமா இருக்கா, பக்கத்துல உக்காந்து சாப்பிடுறா. நானே கொண்டு வந்து சேர்க்கிறேன். இப்ப எனக்கு உங்க ஸ்கூல் சார் நம்பர் வேணும்."

வாங்கி அடுத்து அவரைக் கூப்பிட்டார். வேன் சத்தம். பிள்ளைகள் பாடுகிற சத்தம்.

"சார், உங்க பிள்ள ஒண்ணு எங்ககிட்ட இருக்கு. எங்க பிள்ள உங்ககிட்ட இருக்கான்னு பாக்கணும்."

"இருக்காதுங்க மேடம். எண்ணித்தானுங்க ஏத்துனோம். கரெக்டா இருக்குதுங்க."

"இங்கயும் கரெக்டாத்தான் சார் இருக்கு. எண்ணாதீங்க. மூஞ்சியப் பாருங்க."

வேன் நின்றது தெரிந்தது. பாட்டும் நின்றது. அப்போது முத்தக்காள் மூச்சு வாங்க வந்து, "தியேட்டர்ல இல்ல, கக்கூஸுகூடப் பாத்துட்டேன்" என்றாள். பெரிய டீச்சர் கையை உயர்த்தி அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னார். அந்தச் சில நொடி நான் கும்பிடாத சாமி இல்லை. சகாயமேரி டீச்சர் என் முழங்கையைப் பிடித்திருந்தார்.

"மேடம்..." என்றார் அந்தச் சார். "கடைசி சீட்ல ஒண்ணு தூங்கிட்டு இருக்குதுங்க. அது எங்க புள்ள இல்லைங்க."

ரெட்டியார்சத்திரத்தில் வேன் நிற்கட்டும், நாங்கள் வருகிறோம் என்று முடிவானது. சகாயமேரி டீச்சரும் நானும் கவுசல்யாவை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனோம். ரெட்டியார்சத்திரம் வரைக்கும் கவுசல்யா அன்றைய படத்தின் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். சகாயமேரி டீச்சர் நடுவில் திருத்தினார். "அங்க நாய் மூணு தடவை குரைக்கும் தாயி, நீ ரெண்டோட விட்டுட்ட."

டீக்கடை வாசலில் வேன் நின்றிருந்தது. அந்தச் சார் கும்பிட்டார், நாங்களும் கும்பிட்டோம். யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று இரண்டு பக்கமும் தெரியவில்லை. பவித்ரா கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினாள்.

"ஏண்டி இந்த வேன்ல ஏறுனே?"

"ஏறுன்னாங்க டீச்சர். நம்ம ஸ்கூலுக்கு வேன் வாங்கிட்டாங்கன்னு நெனச்சேன்."

அந்த முகத்தில் இருந்த சந்தோஷம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவள் தொலைந்தே போகவில்லை. வேனில் போன முதல் நாள் அவளுக்கு அது. திரும்பும் வழியில் என் மடியில் மறுபடி தூங்கிவிட்டாள். "கைய விடுங்க டீச்சர்" என்றார் சகாயமேரி டீச்சர். "புள்ளைக்குச் செவந்து போச்சு." நான் விடவில்லை.

பள்ளி விடும் மணிக்குள் வந்துவிட்டோம். யாரிடமும் சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நானே அதைத்தான் மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். விஷயம் மேலே போனால் முதலில் போவது கடைசிப் பெயர்தானே. ஆனால் பெரிய டீச்சர் வாசலில் போய் நின்றார். பவித்ராவின் சித்தி வந்ததும், நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. "நாங்க" என்றார்.

சித்தி கூடையை இறக்கி வைத்துவிட்டுத் திட்டினாள். பூ மார்க்கெட் வாய். "எங்கக்கா என்னை நம்பி விட்டுட்டுப் போயிருக்கா. நாலெழுத்துப் படிச்சவகதான நீங்க? ஒரு புள்ளைய அடையாளம் தெரியல?" பெரிய டீச்சர் தலையைக் குனியாமல் முழுதாகக் கேட்டார். அவள் ஓய்ந்ததும், "இன்னும் இருந்தாத் திட்டிருங்க. நியாயம்தான்" என்றார். சித்தி கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு பவித்ராவின் தலையைத் தடவி, "படம் நல்லாருந்துச்சாடி?" என்று கேட்டுக்கொண்டே கூட்டிப் போனாள்.

எல்லாரும் போன பிறகு பெரிய டீச்சர் சொன்னார்: "வரிசை ரொம்ப நல்லா இருந்துச்சு. அதான் தப்பு." மறுநாள் பிரார்த்தனைக் கூட்டத்தில், இனிமேல் வரிசையில் பேசிக்கொண்டே போகலாம் என்று பிள்ளைகளிடம் அறிவித்தார். அப்படிப் பேசிக்கொண்டு போக ஒரு சந்தர்ப்பம் வரவே இல்லை. நடந்ததை அவரே மேலிடத்துக்கு எழுதிப்போட்டார். படத்துக்கு அழைத்துப் போகக் கூடாது என்று பதில் வந்தது. அந்த வருடக் கடைசியில் அவருக்கு மாறுதலும் வந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று நான் கேட்டபோது, "பயப்படுறதை அப்புறம் பயப்படலாம்" என்றுதான் சொன்னார். அவர் இல்லாமல் அந்த மே மாதம் யாருக்கும் எங்கேயும் போகத் தோன்றவில்லை. அடுத்த வருடம் சகாயமேரி டீச்சர் பதவி உயர்வில் வத்தலக்குண்டுப் பக்கம் போய்விட்டார்.

நான் அங்கேயே இருந்தேன். ஊசியை எண்ணினேன். ஆனால் அதற்குப் பிறகு பிள்ளைகளை எண்ணும்போது ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, பெயர் சொல்லித்தான் எண்ணினேன். நேரம் ஆகும், ஆகட்டும். ரேவதி டீச்சர், வகுப்பறையிலேயே படம் போடுவது நல்லதுதான். யாரும் தொலைய மாட்டார்கள். இருந்தாலும் விளக்கை அணைத்ததும் ஒரு தடவை திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பாருங்கள்.

பெரிய டீச்சர் இப்போது இல்லை. சகாயமேரி டீச்சர் ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறார். முழங்கால் வலி. இதை எழுதுவதற்காகப் போன வாரம் போன் பண்ணி, ஆட்டோவுக்கு எவ்வளவு ஆனது என்று கேட்டேன். போக வர அறுநூறு. அன்றைக்கு மாசக் கடைசி, என் பர்ஸில் பஸ்ஸுக்கு மட்டும்தான் இருந்தது, முழுப் பணத்தையும் சகாயமேரி டீச்சர்தான் கொடுத்தார். பெரிய டீச்சர் கொடுக்க வந்தபோது, "வேணாம் டீச்சர், நாங்க பாதிப் பாதி" என்று இவர் தடுத்துவிட்டார். சம்பளம் வாங்கி நான் நீட்டியபோது, "மே மாசம் டூர்ல கழிச்சுக்கலாம்" என்றார். அப்புறம் எத்தனையோ மே மாதம் வந்துவிட்டது.

"இப்பவாவது வாங்கிக்கங்க டீச்சர். எம் பேத்திகிட்டச் சொன்னா போன்லயே அனுப்பி விட்டுருவா" என்றேன்.

"அதெல்லாம் வேணாம். மே மாசம் கொடைரோட்டுக்கு வாரேன். எலுமிச்சைச் சோறு கட்டிட்டு வாங்க, கையில வாங்கிக்கிறேன்" என்றார். பிறகு, "கேஸை மூடிட்டு வாங்க" என்றார்.

வருவாரா என்று தெரியவில்லை. முழங்கால் அப்படி. நான் தர வேண்டியது இன்னும் முந்நூறு ரூபாய்.